மேலே எத்தனை பேர்

அடி பம்பின் இரும்பில் யாராவது கல்லால் தட்டினால் எனக்கு இப்போதும் கை நடுங்கும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தால் நூல் விலகிப் போகும். நாங்கள் இப்போது இருக்கும் ஆதம்பாக்கத்துத் தெருவில் அடி பம்பு கிடையாது. ஆனால் எங்காவது கட்டட வேலையில் கம்பியை அடிப்பார்கள். அதற்கே எழுந்து வாசலுக்கு ஓடவேண்டும் போல இருக்கும்.

இந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தவர் தி.நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அவர் பெயரை எழுத மனம் வரவில்லை. அந்தச் சந்தில் எல்லாருமே அவரை வீட்டுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். சந்தில் சொந்த வீடு வைத்திருந்த பெண்கள் இன்னும் சிலர் உண்டு. இருந்தாலும் அந்தச் சொல் இவருக்கு மட்டும்தான்.

மாதத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், வாசல் ஓரத்தில் இருந்த அடி பம்பின் கழுத்தில் ஒரு கருங்கல்லால் தட்டுவார். பெரும்பாலும் காலை நேரம், எல்லாரும் வீட்டில் இருக்கும்போது. தட்டினால் மாடியில் இருப்பவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டது போட்டபடி கீழே இறங்கி வரவேண்டும். சட்டை இல்லையென்றால் துண்டோடு வரவேண்டும். எதிர் போர்ஷன் நெல்லைக்காரர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள் நாலு பேர்: நான், என் மனைவி, மகள், என் அத்தா, அதாவது அப்பா. எதிரில் பாத்திரக் கடையில் வேலை பார்த்த நெல்லைக்காரர், அவர் மனைவி, இரண்டு பையன்கள். எட்டுப் பேரும் சுவர் ஓரமாக நிற்போம். வீட்டுக்காரம்மா விரலை நீட்டி எண்ணுவார். எண்ணும்போது அவர் கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். முகம் கறுத்திருக்கும். எட்டாவது ஆள் கடைசிப் படியிலிருந்து காலைத் தரையில் வைத்ததும் புஸ்ஸென்று காற்றை விடுவார். பிறகு, "சரி, போய் சோலியப் பாருங்க" என்பார்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது அந்த அம்மாவுக்குப் புத்தி சரியில்லையோ என்று நினைத்தேன். அன்று கடையில் ஒரு பேன்ட்டை இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன். துணிக்கடை வாசலில் பேன்ட், சுடிதார் உயரம் குறைத்துத் தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். கை சரியாக இருந்தால்தான் சோறு. அந்த அம்மா பம்பைத் தட்டிய நாளில் என் கை சரியாக இருந்ததே இல்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. நம்மோடு பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். நம் முதுகுக்குப் பின்னால் பார்ப்பார். பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல் இருக்கும். நான் கூச்சப்படுகிறவன். என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்களிடமே எனக்கு வார்த்தை வராது. முதுகுக்குப் பின்னால் பார்த்துப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்வேன்.

அந்த வீடு கிடைத்த விதத்தைச் சொல்லவேண்டும். அதற்கு முன் நாங்கள் பார்த்த வீடுகள் நிறைய. போர்டு தொங்கும், உள்ளே போவோம், தண்ணீர் வருமா, கரண்டுக்குத் தனி மீட்டரா என்றெல்லாம் பேச்சு நன்றாகப் போகும். கடைசியில் பேர் கேட்பார்கள். பேரைச் சொன்னதும் யாரோ உறவுக்காரர் அந்த வீட்டுக்குக் குடிவரப் போவது அவர்களுக்கு ஞாபகம் வரும், அல்லது போன வாரமே யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டது ஞாபகம் வரும். ஒருவர் மட்டும் நேராகச் சொன்னார், "தப்பா நினைக்காதீங்க பாய், எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்று. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்லாமல் அனுப்பினார்.

புரோக்கர் என்னையும் மனைவியையும் இந்த வீட்டுக்கு அழைத்து வந்தபோது வாசலிலேயே சொன்னார்: "அந்தம்மா ஒரு மாதிரி. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்காரம்மா பம்பு மேடையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, தடிமனான கண்ணாடி, முழங்காலில் தைலம் தேய்த்த வாசனை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"எத்தினி பேரு?"

"நாலு பேருங்கம்மா."

"ராத்திரி படுக்குறது எத்தினி பேரு? விருந்தாளி, ஊர்லேர்ந்து வரவன், போறவன், அதெல்லாம் சேத்து சொல்லு."

"நாலுதாங்கம்மா. எங்களுக்கு ஊர்லேர்ந்து வர யாரும் இல்ல."

"மாடி போர்ஷனுக்கு நாலு. அஞ்சுன்னா கெடையாது. நாலுன்னா இன்னிக்கே சாமான எறக்கு."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. உள்ளே வந்து பால் காய்ச்சிய பிறகு வந்தால் இன்னும் கேவலம் என்று நினைத்து நானே சொல்லிவிட்டேன்.

"அம்மா, நாங்க முஸ்லிம்."

புரோக்கர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். வீட்டுக்காரம்மா முதல் தடவையாகக் கொஞ்சம் எரிச்சல் பட்டார்.

"அது நான் கேக்கலியே. நாலு பேருதானேன்னு கேட்டேன்."

திரும்பி வரும்போது என் மனைவி வழியெல்லாம் அழுதாள். சந்தோஷத்தில்தான். நானும் அன்று பயப்படாமல் தூங்கினேன். நாலு என்ற எண்ணை நினைத்துப் பயப்படவேண்டிய நாள் வரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த எண் யாருக்கும் வளையாது. நெல்லைக்காரர் தன் தம்பியைக் கடை வேலைக்கு வரவழைத்து, ஆறு மாதம் மட்டும் கூட வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். வீட்டுக்காரம்மா முடியாது என்றுவிட்டார். "நம்ம ஆளுங்கன்னு சொல்லிக்கிட என்ன இருக்கு, அந்த பாய்க்கும் நமக்கும் ஒரே சட்டம்லா போடுதாவ" என்று நெல்லைக்காரர் மனைவி மாடியில் என் காதில் விழும்படியே புலம்பினார். தம்பி பக்கத்துச் சந்தில் பதினைந்து பேர் படுக்கும் ஓர் அறையில் போய்ப் படுத்தான்.

வெளிநாட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவின் சொந்த மகன் ஒரு கோடையில் குடும்பத்தோடு வந்தான். கீழே புழுங்குகிறது, மொட்டை மாடியில் காற்றாடப் படுத்துக்கொள்கிறோம் என்றான். மாடிப்படியில் குறுக்கே நின்றுகொண்டு அந்த அம்மா சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"எம் புள்ளன்னு படிக்கு தெரியுமாடா? கீழ படு."

எதிர் வீட்டு ஓனர் ஒருவர் உண்டு. தன் மாடியில் கடைப் பையன்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தவர். அவர் பல் குச்சியைக் கடித்தபடி கேட்பார்: "இன்னாக்கா, எட்டு பேரையே எண்ணிகினு கீற? என் வூட்ட எண்ணு பாப்போம், வெரலு பத்தாது." அதற்கு வீட்டுக்காரம்மா பதில் சொல்லமாட்டார். அவருடைய மாடியை அண்ணாந்து பார்ப்பார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் முகத்தில் இருந்தது கோபம் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வீட்டின் படிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எதுவும் புரியாது. இரண்டு பக்கமும் சுவர். ஒருவர் இறங்கினால் எதிரே ஒருவர் ஏற முடியாது. நடுவில் ஒரு திருப்பம், அந்த இடத்தில் பகலிலும் இருட்டு. படிகள் உயரம், முனை தேய்ந்து வழவழவென்று இருக்கும். கொத்தனாரை அழைத்து வெளிப்பக்கமாக இன்னொரு படி வைக்கலாமா என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சுவரும் இந்த வீட்டுச் சுவரும் ஒன்று, எங்கே வைப்பது என்று அவர் போய்விட்டாராம்.

ஒரு நாள் அத்தா தொழுதுகொண்டிருக்கும்போது பம்பு சத்தம் கேட்டது. அத்தா அசையவில்லை. நாங்கள் ஏழு பேர் கீழே நின்றோம். வீட்டுக்காரம்மா விரலை மடக்கவே இல்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. கடைசியில் மூச்சு வெடித்து இருமினார்.

"பெரியவரு எங்க?"

"தொழுவுறாங்கம்மா."

"எதிர் வூட்டுப் பொண்ணு வெளக்கேத்திகினு இருந்தா. வுட்டுட்டு வந்துகீறா பாரு." நெல்லைக்காரர் மனைவியின் கையில் தீப்பெட்டி அப்படியே இருந்தது.

அத்தா இறங்கி வந்ததும் நான் நடந்ததைச் சொன்னேன். சண்டை வரப்போகிறது, அன்றே சாமானைக் கட்டவேண்டும் என்று நினைத்தேன். அத்தா தாடியைத் தடவினார். "உசுருக்கு ஆபத்துன்னா தொழுகைய விட்டு எறங்கலாம். மார்க்கத்துல அதுக்கு எடம் இருக்கு" என்றார். அடுத்த மாதம் அவர்தான் முதல் ஆளாக இறங்கினார். வீட்டுக்காரம்மா அதற்காக ஒன்றும் சொல்லவில்லை. "ஒண்ணு" என்று மட்டும் எண்ணினார்.

மகளுக்கு எட்டு வயதாகும்போது என் மனைவி மறுபடி உண்டானாள். அதை அவள் என்னிடம் சொன்ன விதம் எனக்கு மறக்காது. சாதம் போட்டுக்கொண்டே தலையைக் குனிந்து, "அஞ்சாவுது" என்றாள். எனக்கு உடனே விளங்கியது.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் திருடர்கள்போல் நடமாடினோம். அவள் துப்பட்டாவை அகலமாகப் போட்டுக்கொண்டாள். வாந்தி வந்தால் குழாயைத் திறந்து வைத்துக்கொள்வாள். நான் வேலை முடிந்து வடபழனி வரைக்கும் போர்டு பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு வீட்டில் படி ஏறுவதற்கு முன்பே தலையில் இருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு, போர்டைக் கழற்றி உள்ளே எடுத்துப் போனார்கள். வேறு கதவுகள் எங்களுக்குத் திறக்காது. திறந்த ஒரே கதவு நாலு பேருக்கு மேல் விடாது.

ஆறாவது மாதத்தில் பம்பு சத்தம் கேட்டது. மனைவி கையைச் சுவரில் ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவளுக்குப் பின்னால் நெல்லைக்காரரும் பையன்களும் நின்றுவிட்டார்கள். அந்தத் திருப்பத்தின் இருட்டில் அவள் கால் ஒரு தடவை வழுக்கியது. நான் முழங்கையைப் பிடித்தேன். கீழே வந்தபோது வீட்டுக்காரம்மா பம்பைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இறங்கி முடிப்பதற்கு முன்பே அவர் பிடித்திருந்த மூச்சு விட்டுப்போயிருந்தது. என் மனைவியின் வயிற்றின் நேராக விரலை நீட்டினார்.

"அஞ்சு."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தாதான் வாயைத் திறந்தார்.

"ஆண்டவன் குடுக்குறதும்மா. நாங்க என்ன செய்ய?"

"ஆண்டவன் படிய அகலமா குடுக்கலியே பெரியவரே."

பிறகு பம்பு மேடையில் உட்கார்ந்து வெகு நேரம் படியையே பார்த்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. தீர்ப்புக்கு நிற்பவர்கள்போல் நாங்கள் நின்றோம். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"இடுப்புல கீற புள்ளைக்குத் தனியா படி வேணாம். தூக்கிகினு வரவங்களோட சேந்து வந்துரும். அதுவா நடந்து எறங்குற வரைக்கும் நாலுதான் கணக்கு. நடந்துச்சுன்னா அஞ்சு. இப்பவே சொல்ட்டேன் டெய்லரு, அப்பால பேசக்கூடாது."

நான் "சரிங்கம்மா" என்றேன். மனைவி மாடிக்கு வந்து படுத்துவிட்டாள். தப்பித்தோம் என்று நான் சொன்னதற்கு அவள், "எத்தன நாளைக்கு?" என்றாள்.

பையன் பிறந்தான். நல்ல கனம். ஊரில் எந்தக் குழந்தை முதல் அடி வைத்தாலும் கொண்டாடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த முதல் அடியை நினைத்து நாங்கள் நடுங்கினோம். யாரும் யாரிடமும் பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் பையன் தரையில் இருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அவன் தவழ்ந்து போய்ச் சுவரைப் பிடித்தால் மனைவி ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வாள். அத்தா தோளில் போட்டுக்கொண்டு மாடி வராந்தாவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு இடுப்பில் வாங்கிக்கொள்வாள். நான் வந்தால் நான். கைமாற்றிக் கைமாற்றித் தூக்கினோம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் எவ்வளவு செல்லம் என்றார்கள்.

நெல்லைக்காரர் மனைவிதான் கேட்டார்: "என்ன அக்கா, பிள்ளைய எறக்கியே விட மாட்டேங்கிய? எம் பையன் இந்த வயசுல படியேறி ஓடிட்டான்லா."

"தரை குளிரும்மா" என்றாள் மனைவி. அது சித்திரை மாதம்.

ஒன்றரை வயது தாண்டியது. ஒரு நாள் நானே பயந்துபோய், கதவைச் சாத்திவிட்டு, அவனைத் தரையில் நிறுத்திப் பார்த்தேன். காலை ஊன்றவில்லை. மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கையை மட்டும் மேலே நீட்டினான், தூக்கச் சொல்லி. நானும் தூக்கிக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் அதற்கு முன்பே பார்த்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. வீடு போய்விடுமோ என்று இருந்த பயத்தோடு இப்போது பையனின் காலும் சேர்ந்துகொண்டது. எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியவில்லை.

அடுத்த தடவை பம்பு சத்தம் கேட்டு இறங்கியபோது பையன் அத்தாவின் இடுப்பில் இருந்தான். வீட்டுக்காரம்மா எட்டு எண்ணி மூச்சு விட்டார். போகலாம் என்று சொல்லவில்லை. பையனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை அத்தாவின் தொடைவரை தொங்கின.

"எறக்கி வுடு."

அத்தா என்னைப் பார்த்தார்.

"எறக்கி வுடுன்றேன்."

அத்தா இறக்கினார். பையன் அப்படியே மடங்கி உட்கார்ந்தான். கையை மேலே நீட்டினான். எல்லாரிடமும் முறை வைத்ததுபோல் நீட்டிவிட்டு, யாரும் தூக்காததால் அந்த அம்மாவிடமும் நீட்டினான்.

வீட்டுக்காரம்மாவுக்கு விளங்கிவிட்டது. "இவன் நடக்கலியா?" என்றார். "நடக்க வுடலியா?"

என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள்: "நடந்தா எங்கம்மா போவோம் நாங்க?"

அந்த அம்மா பம்பு மேடையில் தடுமாறி உட்கார்ந்தார். அவர் கை நடுங்கியது. பயப்படுகிற கை எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, அந்த வீட்டில் எங்களைவிட அதிகம் பயந்திருந்தவர் அவர்தான்.

நெல்லைக்காரர் குடும்பம் மேலே போன பிறகு, கேட்காமலே சொன்னார்.

"எங்க நைனா மேல கடைப் பசங்கள வெச்சிருந்தாரு. அப்போ நான் பாவாட சட்ட போட்ட பொண்ணு. படுக்க எடம் இருந்தா இன்னொருத்தன சேப்பாரு. ஒரு நாளு மேல ஸ்டவ்வு வெடிச்சிருச்சு. தீ இன்னாவோ சின்னதுதான். எல்லாம் ஒண்ணா எறங்கி, அந்தத் திருப்பத்துல அடைச்சிகினானுங்க. ஒருத்தன் மேல ஒருத்தன். இழுத்து இழுத்து வெளிய போட்டாங்க. அணைக்க வந்தவரு நைனாவக் கேட்டாரு, மேல எத்தினி பேருன்னு. நைனாவுக்குத் தெரியல. பத்துன்றாரு, பதினொண்ணுன்றாரு. வெளிய பத்து பேரு. சரி, எல்லாம் வந்தாச்சுன்னு வுட்டுட்டாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு பையன் உள்ளயே இருந்தான். பொகையில. அவன் எந்த ஊரு, இன்னா சாதி, இன்னா சாமின்னு அன்னிக்கு ஒருத்தரும் கேக்கல. எத்தினி பேருன்னு ஒண்ணுதான் கேட்டாங்க. அந்த ஒண்ணுதான் எங்க நைனாவுக்குத் தெரியல."

பிறகு மூச்சைப் பற்றிச் சொன்னார். புகைக்குள் ஒரு ஆள் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியுமோ அதற்குள் எல்லாரும் இறங்கிவிடவேண்டும். வீடு அவர் கைக்கு வந்ததும் ஒவ்வொரு குடித்தனமாக வைத்து, தட்டி, இறங்கச் சொல்லி, மூச்சைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். எட்டுப் பேர் இறங்கும்வரை தாங்கியது. ஒன்பது பேருக்குத் தாங்கவில்லை. அதனால் போர்ஷனுக்கு நாலு. இத்தனை வருஷமும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எங்களில் யாரும் அவரைக் கேட்டதில்லை.

"உனக்குன்னு போட்ட கணக்கு இல்ல டெய்லரு அது" என்றார். "யாரும் சாவக்கூடாதுன்னு போட்டது. இந்தப் புள்ள கால மடக்கிகினு உக்காரும்னு நான் எங்க கண்டேன்."

அன்றிலிருந்து பையனை இறக்கி விட்டோம். பம்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான், மழைக்காலம் வருவதற்குள் கையை விட்டுவிட்டு வாசல்வரை போய் விழுந்தான். மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே என்னைப் பார்த்தாள். அஞ்சு.

அடுத்த நாள் காலை வீட்டுக்காரம்மா படி ஏறி மேலே வந்தார். அவர் மாடிக்கு வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்து, அந்தத் திருப்பத்தில் நின்று நின்று, நெற்றியெல்லாம் வியர்வையோடு வந்தார். காலி செய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அத்தா பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

"மேல ஒரு போர்ஷனுக்கு அஞ்சு பேரு ஆவாது" என்றார்.

"சரிங்கம்மா. ஒரு மாசம் டைம் குடுங்க."

"எதுக்கு ஒரு மாசம்? என் சாமான் இன்னா, ஒரு பீரோ, ஒரு கட்டிலு. நீங்க கீழ என் போர்ஷனுக்குப் போங்க. கீழ படி இல்ல, அங்க எத்தினி பேருன்னு எனக்கு இன்னா கவலை. நான் இங்க வரேன். எதிர்ல அவங்க நாலு, நான் ஒண்ணு. அஞ்சு பேருதான் மேல."

"உங்க முட்டி..." என்றாள் மனைவி.

"தயவு பண்றேன்னு நெனச்சிக்காதம்மா. கணக்கு சரியா வருதா, வரலியா?"

கணக்கு சரியாக வந்தது. அந்த அம்மாவின் முகம்தான் சரியாக இல்லை. அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகையில் செத்த அந்தப் பையன் இருந்தது எந்த அறை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கீழே போனதும் எனக்குப் புதிய பயம் ஒன்று வந்தது. அவர் தினமும் காலையில் பால் வாங்க இறங்குவார். அந்தக் காலடிச் சத்தம் திருப்பத்தில் நிற்கும். அது மறுபடி தொடங்கும்வரை வீட்டுத் தையல் மெஷினில் வைத்த என் கால் அசையாது. போதாததற்கு இன்னொரு வேலையையும் என் தலையில் கட்டினார். "நான் மேல கீறப்போ யாரு தட்டுறது? நீதான் தட்டணும். நீதான் எண்ணணும்." நாலு பேருக்கு முன்னால் குரலை உயர்த்திப் பேசாத நான், ஒரு சந்தே திரும்பிப் பார்க்கும்படி பம்பைத் தட்டவேண்டும். எந்த நாள் என்று அவருக்கும் சொல்லக்கூடாதாம்.

மார்கழியில் ஒரு காலை கல்லை எடுத்துத் தட்டினேன். எதிர் வீட்டு ஓனர் பல் குச்சியோடு எட்டிப் பார்த்து, "இன்னா பாய், நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். நெல்லைக்காரர் வந்தார். அவர் மனைவி வந்தார். பெரிய பையன், சின்னப் பையன். நாலு.

நான் மூச்சைப் பிடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலடிச் சத்தம் கேட்டது, திருப்பத்தில் நின்றது. மறுபடி தொடங்கவில்லை. நெஞ்சு அடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. நெல்லைக்காரர், "வந்திருவாவ, முட்டி வலிலா" என்றார். பிடித்திருந்த மூச்சு விட்டுப்போனது. கல்லைப் போட்டுவிட்டுப் படியில் ஓடினேன்.

திருப்பத்தின் இருட்டில், படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் இரண்டு பக்கச் சுவரில் இருந்தன. அடிபட்டதாகத் தெரியவில்லை. கால் மட்டும் அடுத்த படியில் வைக்க முடியாமல் மடங்கி இருந்தது, என் பையனின் கால் இருந்ததுபோல.

"எத்தினி வந்துச்சு?" என்றார்.

"நாலுங்கம்மா."

"மேல எத்தினி பேரு?"

"அஞ்சு."

"ஒண்ணு கொறையுதுன்னு தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுதும்மா. அதான் வந்தேன்."

அவர் சுவரிலிருந்து ஒரு கையை எடுத்தார். நான் பிடித்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் கீழே வெளிச்சம் இருந்தது, நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் அங்கே பார்க்கவில்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ சரி" என்றார்.